நான்காம் நாள் வெடித்த தட்டு: வெள்ளவத்தைக் கண்ணாடிப் பட்டறை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், வீட்டுக் கராஜைப் பட்டறையாக்கி ஒரு பெண் கண்ணாடி வேலை செய்துவருகிறார். கண்ணாடித் துண்டுகளை அடுக்கி, மின்சூளையில் வைத்து, உருக்கி ஒட்டவைத்து விற்கிறார். கோப்பை வைக்கும் சின்னத் தட்டுகள், பதக்கங்கள், யன்னலில் தொங்கவிடும் அலங்காரத் துண்டுகள் என்று பல வருடங்களாக நல்ல பெயர். அப்புறம்தான் கல்கிசைப் பக்கமுள்ள ஒரு உணவகத்திலிருந்து பெரிய ஓடர் வந்தது. பரிமாறும் தட்டுகள் இரண்டு டசின். பாதி கடல்நீலம், பாதி பச்சை. ஒவ்வொன்றும் 35 சென்ரிமீற்றர் அகலம், 10 மில்லிமீற்றர் தடிப்பு.

சொன்ன தேதிக்குக் கொடுத்துவிட்டார். நான்காம் நாள் இரவு உணவகத்தின் அலுமாரிக்குள் ஒரு தட்டு தானாக வெடித்தது. யாரும் தொடவில்லை, சூடான சாப்பாடு எதுவும் அதில் வைக்கவில்லை. அந்த வாரம் முடிவதற்குள் இன்னும் இரண்டு போயின.

மின்சூளைகளைப் பழுதுபார்ப்பதும், சூட்டு அட்டவணை போட்டுக் கொடுப்பதும் என் தொழில். அந்த முறையில் என்னைக் கூப்பிட்டார். பெயரையும் ஒழுங்கையையும் போட வேண்டாம், மற்றதெல்லாம் எழுதலாம் என்று சொன்னார். கொழும்பில் கடைக் கண்ணாடியை வாங்கிச் சூளையில் உருக்கும் ஆட்கள் இப்போது கூடிவருகிறார்கள். இங்கே நடந்தது அவர்களில் பலருக்கும் நடக்கக்கூடியது. அதுவும் சாப்பாட்டுத் தட்டு என்றால், உடைவது கண்ணாடி மட்டுமாக இருக்காது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் சந்தேகப்பட்டது மின்வெட்டை

"கரண்ட் போனதுதான் அண்ணை காரணம்" என்றார் நான் உள்ளே போனதும். "ரெண்டாம் தரம் சுடேக்க சரியா உச்சச் சூட்டில நிக்குது, பட்டெண்டு போட்டுது. ரெண்டு மணித்தியாலம் வரேல்லை."

அப்படி நினைப்பதில் பிழையில்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் இருந்த ஊர் இது. சூளை வைத்திருக்கிற எவருக்கும் அந்த நாள்களின் பயம் இன்னும் போகவில்லை. சூளையில் எது கெட்டாலும் முதல் பழி மின்சார சபைக்குத்தான்.

ஆனால் இந்தப் பெண் ஒரு நல்ல பழக்கம் வைத்திருந்தார். ஒவ்வொரு சூட்டுக்கும், அதாவது சூளையை ஏற்றி இறக்கும் ஒவ்வொரு தடவைக்கும், கொப்பியில் ஒரு பக்கம்: தேதி, கொன்ட்ரோலரில் போட்ட அட்டவணை, எந்தத் தட்டு எந்தப் பக்கம் இருந்தது, திறந்தபோது எப்படி இருந்தது. தட்டுகளின் அடியிலும் வைரமுனைப் பேனாவால் சின்ன எண் கீறியிருந்தார். உடைந்த மூன்றின் எண்ணையும் கொப்பியோடு ஒத்துப் பார்த்தோம். மூன்றும் மின்சாரம் ஒழுங்காக இருந்த சூடுகளில் வந்தவை. மின்வெட்டு நடந்த சூட்டிலிருந்து போன தட்டு எதுவும் அதுவரை உடையவில்லை. அவற்றில் வேறொரு குறை இருந்தது, அதற்குப் பிறகு வருகிறேன்.

அந்தக் கொப்பி இல்லாதிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். மின்வெட்டே காரணம் என்று முடிவுகட்டி, ஒரு ஜெனரேட்டருக்குக் கடன் வாங்கி, அதே அட்டவணையில் அடுத்த இரண்டு டசினையும் சுட்டிருப்பார்.

துண்டுகளை வாசித்தல்

உடைந்த துண்டுகளை உணவகத்தார் குப்பையில் போட்டிருந்தார்கள். நல்லவேளை, இரண்டு தட்டுகளின் துண்டுகள் முழுதாகத் திரும்பக் கிடைத்தன, மூன்றாவதில் பாதி. பட்டறையிலேயே உடைந்து, விற்காமல் மூலையில் கிடந்த இன்னொரு தட்டும் இருந்தது. நான்கையும் பழைய பத்திரிகை விரித்து மேசையில் பொருத்தி வைத்தோம்.

உடைந்த கண்ணாடியில் முதலில் பார்க்க வேண்டியது விரிசலின் விளிம்பு. விரலை மெதுவாக வைத்தால் போதும் (கையுறை போடாமல் அழுத்த வேண்டாம்). விளிம்பு உருண்டு மழுங்கியிருந்தால் சூடு ஏறும்போது உடைந்திருக்கிறது. உடைந்த பிறகும் சூளை மேலே போனதால் விளிம்பு உருகி வளைந்துவிட்டது என்று அர்த்தம். விளிம்பு சவர அலகு போலக் கூராக இருந்தால், ஆறும்போதோ அதற்குப் பிறகோ உடைந்தது.

மூலையில் கிடந்த தட்டின் விளிம்பு மழுங்கல். அது தனிக்கதை. உணவகத்தில் உடைந்த மூன்றும் கூர். ஆனால் அந்த மூன்றுக்குள்ளும் ஒரு வித்தியாசம் இருந்தது. பச்சைத் தட்டில் விரிசல் ஒரு ஓரத்தில் தொடங்கி, நடுவால் ஒரு வளைவு எடுத்து, மற்ற ஓரத்துக்குக் கிட்டப் போனதும் கொக்கி மாதிரித் திரும்பியிருந்தது. எந்த அலங்காரத்தையும் அது சட்டை செய்யவில்லை. நீலத் தட்டுகளில் அப்படி இல்லை. விரிசல் ஒரு நீலத் துண்டின் கரையைப் பிடித்து, அதைச் சுற்றிப் போய், அடுத்த நீலத் துண்டுக்குத் தாவியிருந்தது.

முதலாவது, தட்டு முழுவதிலும் இறுக்கம், அதாவது உள்ளே அடைபட்ட இழுவிசை, தங்கிவிட்டதன் அடையாளம். இரண்டாவது, ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இரண்டு கண்ணாடிகளை ஒட்டியதன் அடையாளம். ஒரே ஓடர், ஒரே சூளை, ஒரே கை. ஆனாலும் காரணம் ஒன்றல்ல.

இதை உறுதிப்படுத்த வழி இருக்கிறது, அதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை. லப்டொப் திரையில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து வைத்தோம். எல்சிடி திரையிலிருந்து வரும் ஒளி ஒரே தளத்தில் அதிர்கிற ஒளி. வாகனம் ஓட்டுபவர்கள் போடும் போலரைஸ்ட் கறுப்புக் கண்ணாடி ஒன்றைக் கண்ணுக்கு முன் பிடித்து மெல்லத் திருப்பினால், ஒரு நிலையில் திரை முழுக்க இருட்டாகும். அந்த நிலையில் அசையாமல் பிடித்துக்கொண்டு, திரைக்கும் கறுப்புக் கண்ணாடிக்கும் நடுவில் தட்டைக் கொண்டுவர வேண்டும். இறுக்கம் இல்லாத கண்ணாடி இருட்டாகவே இருக்கும். இறுக்கம் உள்ள இடம் வெளிச்சமாகத் தெரியும். தட்டு முழுக்க அறைச் சூட்டுக்கு வந்திருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. கை வைத்த சூடுகூடக் கொஞ்ச நேரம் பொய் வெளிச்சம் காட்டும்.

கராஜ் கதவை இறக்கிவிட்டு, உடையாத பச்சைத் தட்டு ஒன்றைப் பிடித்தார். ஓரம் முழுக்க வெளிச்சம், நடுவிலே ஒரு கரிய சிலுவை. அடுத்து நீலத் தட்டு. ஓர வெளிச்சம் இதிலும் இருந்தது. அதற்கு மேல், ஒவ்வொரு நீலத் துண்டையும் சுற்றி ஒரு வெள்ளை வளையம். சில வளையங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றன.

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "எல்லாத்திலயும் இருக்கு அண்ணை" என்றார்.

உடைந்தவை மூன்று. இறுக்கம் இருந்ததோ கையில் எடுத்துப் பார்த்த ஒவ்வொன்றிலும்.

482இல் நின்ற சூளை

தட்டு முழுவதும் இறுக்கம் தங்கியது ஏன் என்பதற்கான பதில் கொப்பியிலேயே இருந்தது. உச்சச் சூடு 835 பாகை செல்சியஸ். அவர் பாவித்த யன்னல் கண்ணாடிக்கு அது சரியான உச்சம்தான். அங்கிருந்து சூளையை நிறுத்தி ஆறவிட்டு, 482 பாகையில் ஒரு மணித்தியாலம் பிடித்து, பிறகு மறுபடி நிறுத்தியிருக்கிறார்.

482 என்பது எங்கிருந்து வந்தது என்று எனக்குப் பார்த்ததும் தெரிந்தது. அமெரிக்காவின் போர்ட்லண்டில் தயாராகும் புல்ஸ்ஐ என்ற, சூளையில் உருக்கி ஒட்டுவதற்கென்றே வரும் கண்ணாடிக்கு அனீல் செய்யும், அதாவது உள்ளிறுக்கம் போகப் பிடித்து ஆற்றும், சூடு அது. கண்ணாடி உருக்கும் வேலை பற்றிய வழிகாட்டிகள் பலவற்றில் அந்த எண்தான் இருக்கும். அந்தக் கண்ணாடிக்கு அது மிகச் சரி. கடையில் வாங்கும் யன்னல் கண்ணாடிக்கு அது பிழை.

காரணம் இதுதான். கண்ணாடி ஆறும்போது வெளிப்பக்கம் முந்தி ஆறும், உள்பக்கம் பிந்தும். அந்த வேறுபாட்டோடு இறுகிவிட்டால் இறுக்கம் உள்ளே நிரந்தரமாகத் தங்கும். அதைத் தவிர்க்கத்தான் ஒரு குறிப்பிட்ட சூட்டில் கண்ணாடியை நிறுத்தி, முழுக்க ஒரே சூட்டுக்கு வரவிட்டு, உள்ளிறுக்கம் கரைந்த பிறகு மெதுவாக இறக்குகிறோம். யன்னல் கண்ணாடிக்கு அந்தச் சூடு 550 பாகை அளவில் இருக்கிறது. அங்கே இறுக்கம் சில நிமிடங்களில் கரையும். 510 பாகைக்கு வரும்போது அதே இறுக்கம் கரைய மணிக்கணக்காகும். அதற்குக் கீழே கண்ணாடி திண்மமாகிவிட்டது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். 482இல் ஒரு மணித்தியாலம் என்ன, ஒரு இரவு முழுக்க வைத்திருந்தாலும் பெரிய பலன் இருந்திருக்காது. தட்டின் தலைவிதி அதற்கு முன்பே, 550க்கும் 510க்கும் இடையில், சூளை தன்பாட்டில் ஆறிக்கொண்டிருந்த நேரத்தில் முடிவாகிவிட்டது.

மின்வெட்டுச் சூடு ஏன் மற்றவற்றைவிட மோசமாகவில்லை என்பதும் இதிலிருந்து விளங்குகிறது. அன்றைக்கு 482இல் பிடிக்கிற கட்டம் நடக்கவே இல்லை. ஆனால் அந்தக் கட்டம் மற்ற நாள்களிலும் ஒன்றும் செய்திருக்கவில்லை.

"அப்ப இவ்வளவு காலமும் செஞ்ச சின்னத் தட்டுகள்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவையும் அதே 482இல்தான் வந்தவை, ஒன்றும் உடையவில்லை. அவை 3 மில்லிமீற்றர்க் கண்ணாடி இரண்டு சேர்ந்தவை, மொத்தம் 6 மில்லிமீற்றர், உள்ளங்கை அகலம். அவரிடம் இருப்பது மட்பாண்ட வேலைக்கென்று வந்த, தடித்த செங்கல் சுவருள்ள சூளை. அது நிறுத்தினாலும் இலேசில் ஆறாது. சின்னத் தட்டுக்கு அந்தத் தாமதமே அனீலாக இருந்து காப்பாற்றிவிட்டது. ஆனால் பாதுகாப்பாக ஆற்றக்கூடிய வேகம் தடிப்பின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. தடிப்பு 6இலிருந்து 10க்குப் போனால் ஏறத்தாழ மூன்று மடங்கு மெதுவாக ஆற வேண்டும். அகலமும் கூடினால் ஓரத்துக்கும் நடுவுக்கும் உள்ள வித்தியாசம் இன்னும் கூடும்.

பிழையான அட்டவணையில் சுட்ட சின்னத் தட்டுகள் நன்றாக வந்ததால் அந்த அட்டவணையே சரியென்று நிலைத்துவிட்டது. இந்த வேலையில் எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். உடைந்த பொருளை எடுத்துப் பார்ப்பதற்கு ஆள் இருக்கிறது. நன்றாக வந்த பொருளைச் சந்தேகப்பட்டு, திரைக்கு முன்னால் பிடித்துப் பார்க்க யாரும் இல்லை.

நான்கு நாள் ஏன் காத்திருந்தது என்பதற்கும் விளக்கம் உண்டு. கண்ணாடியின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் எப்போதும் இருக்கும். உள்ளே இழுவிசை இருந்தால், காற்றிலுள்ள ஈரம் அந்தக் கீறலின் நுனியில் கண்ணாடியின் பிணைப்புகளை ஒவ்வொன்றாக அறுக்க, கீறல் மிக மெதுவாக நீளும். ஒரு கட்டத்தைத் தாண்டியதும் ஒரே நொடியில் ஓடிவிடும். கொழும்பின் ஈரக்காற்றில் இது நடக்க வசதி நிறைய இருக்கிறது. சூளையிலிருந்து முழுதாக வெளியே வந்துவிட்டது என்பது பாதுகாப்புக்கு அத்தாட்சியே அல்ல.

90 என்ற எண்

நீலத் தட்டுகளின் கதை வேறு. அடிப்படை யன்னல் கண்ணாடி. அதன்மேல் தூவியது வெளிநாட்டிலிருந்து ஒரு உறவினர் கொண்டுவந்து கொடுத்த வண்ணக் கண்ணாடி நொறுங்கல், இந்த வேலைக்காரர்கள் ஃபிரிட் என்று சொல்வது. போத்தலில் 90 என்று எழுதியிருந்தது.

அவர் கண்மூடித்தனமாகச் சேர்க்கவில்லை. தேடிப் படித்திருக்கிறார். யன்னல் கண்ணாடி ஒரு பாகை சூடேறினால் தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் 9 பங்கு விரியும் என்று கண்டிருக்கிறார். ஃபிரிட் போத்தலில் உள்ள 90 என்பது கோடியில் 90 பங்கு, அதாவது அதே 9. இரண்டும் ஒன்றுதானே என்று முடிவெடுத்திருக்கிறார். படிக்கிற ஆளைத்தான் இந்தப் பொறி பிடிக்கும்.

அந்த எண், அறைச் சூட்டிலிருந்து 300 பாகை வரைக்கும் அளந்து எடுத்த சராசரி. கண்ணாடிகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடிப்பது அதற்கு வெகு மேலே, அவை இளகிய நிலையிலிருந்து இறுகும் இடத்தில் தொடங்குகிறது. அந்த இடத்தில் எவ்வளவு விரிகிறது என்பதோடு, எந்தச் சூட்டில் இறுகுகிறது என்பதும் சேர்ந்தே கணக்கு. 550இல் இறுகத் தொடங்கும் யன்னல் கண்ணாடியும், அதற்கு எத்தனையோ பாகை கீழே வரும்வரை இளகி நிற்கும் நீல ஃபிரிட்டும், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் காலைச் சேர்த்துக் கட்டி ஓடவிட்ட இரண்டு பேர் மாதிரி. ஒருவர் நின்ற பிறகும் மற்றவர் ஓடினால் கயிறுதான் இழுபடும். எண் ஒன்றாக இருந்தாலும் கண்ணாடி ஒத்துப்போகும் என்று உறுதி இல்லை. ஒத்துப்போகிறதா என்பதைச் சுட்டுத்தான் அறியலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது எங்கள் ஊருக்கு முக்கியம். யன்னல் கண்ணாடி என்பதே ஒரே பொருள் அல்ல. கொழும்புக் கடைகளில் இருக்கும் தகடுகள் வெவ்வேறு நாடுகளிலிருந்து, வெவ்வேறு ஆலைகளிலிருந்து வருபவை. வெட்டி மிஞ்சிய துண்டுகளைக் குறைந்த விலைக்கு வாங்கிக் கலந்து அடுக்கினால், மேல் படையும் கீழ்ப் படையும் வேறு வேறு கண்ணாடியாக இருக்கலாம். இரண்டு படையையும் ஒரே தகட்டிலிருந்து வெட்டுவதுதான் நிம்மதி. இந்தப் பட்டறையில் அந்தத் தப்பு நடக்கவில்லை. முழுத் தகடு வாங்கித்தான் வெட்டியிருந்தார்.

வெண்படலம்

மின்வெட்டு நாளில் சுட்ட தட்டுகளில் பளபளப்பு போய், மேலே மங்கலான வெள்ளைப் படலம் இருந்தது. "ஃப்ரொஸ்ட் அடிச்சது போல இருக்கு, வடிவாத்தான் இருக்கு" என்று உணவகத்தார் ஏற்றுக்கொண்டார்களாம்.

அது அலங்காரம் அல்ல. கண்ணாடியின் மேற்பரப்பில் பளிங்குகள் வளரத் தொடங்கியதன் அடையாளம். வேலைக்காரர்கள் டீவிட் என்பார்கள். 700 பாகைக்கு மேலே கண்ணாடி அதிக நேரம் நின்றால் இது வரும், யன்னல் கண்ணாடியில் இலகுவாகவே வரும். வழக்கமாக உச்சச் சூட்டில் பத்துப் பதினைந்து நிமிடம் பிடித்துவிட்டு, சூளைக் கதவைச் சற்று நேரம் திறந்து வேகமாக அந்த வீச்சைக் கடக்கச் செய்வார். அன்றைக்கு மின்சாரம் போன பதற்றத்தில் கதவைத் திறக்காமல் விட்டிருக்கிறார். தடித்த சுவர்ச் சூளை, உள்ளே 700க்கு மேலேயே நெடுநேரம் நின்றிருக்கும். மின்வெட்டின் உண்மையான விளைவு இவ்வளவுதான்.

ஆனால் நல்ல சூடுகளிலும் அங்கங்கே இலேசான படலம் இருந்தது. அதைத் தேடப்போனபோது கண்ணாடித் தகடுகள் அடுக்கியிருந்த இடத்தைப் பார்த்தேன். கடற்காற்று நேராக வரும் பக்கம், தகட்டுக்குத் தகடு நடுவில் கடதாசிகூட இல்லை. ஈரமான இடத்தில் ஒட்டி அடுக்கிய கண்ணாடிக்கு நடுவே ஈரம் புகுந்தால், கண்ணாடியிலிருந்து சோடா மெல்லக் கசிந்து, அந்தக் கார ஈரமே மேற்பரப்பை அரிக்கும். சாய்த்துப் பார்த்தால் எண்ணெய் மிதப்பது போல வானவில் நிறம் தெரியும். அரித்த இடம், விரல் ரேகை, வெட்டும்போது தொட்ட எண்ணெய் எல்லாமே பளிங்கு வளர விதை போடுபவை.

யன்னல் கண்ணாடியில் இன்னொரு காரணமும் உண்டு. அலஸ்ரெயர் பில்கிங்ரன் 1950களில் உருவாக்கி, அவர் வேலை செய்த பில்கிங்ரன் நிறுவனம் 1959இல் அறிவித்த முறையில்தான் இன்றைக்கு ஏறக்குறைய எல்லா யன்னல் கண்ணாடியும் தயாராகிறது. உருகிய வெள்ளீயத்தின்மேல் கண்ணாடியை மிதக்கவிட்டுத் தகடாக்குவது. வெள்ளீயத்தைத் தொட்ட பக்கத்தில் ஒரு நுண்ணிய வெள்ளீயப் படை தங்கிவிடும். அந்தப் பக்கத்தை மேலே வைத்துச் சுட்டு, கண்ணாடி சுருங்கும்போதோ வளையும்போதோ அதில் சுருக்கம் போட்ட மங்கல் வரலாம். கண்ணால் எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது. குற்றலைப் புறஊதா விளக்கைச் சாய்வாக அடித்தால் வெள்ளீயப் பக்கம் பால் போல் ஒளிரும். அந்த விளக்கு எங்கே என்று தலையைப் பிய்க்க வேண்டாம். கொழும்பில் இரத்தினக்கல் பார்ப்பவர்களிடம் இருக்கிறது. இவருடைய மாமா ஒருவர் அந்தத் தொழில்தான். அன்று மாலையே விளக்கு வந்துசேர்ந்தது. இப்போது ஒவ்வொரு தகட்டிலும் வெள்ளீயப் பக்கத்தை மார்க்கர் பேனாவால் ஓரத்தில் குறித்து, கீழே வரும்படி வைக்கிறார். சுடுமுன் குறியைத் துடைத்துவிட வேண்டும்.

சில தட்டுகளின் அடியில் பெரிய குமிழிகளும் இருந்தன. அதற்கு அதிகம் சொல்ல இல்லை. சூளைப் பலகையில் ஒட்டாமல் இருக்கப் பூசும் வெண்பூச்சு, அதாவது அலுமினாவும் வெண்களியும் தண்ணீரில் கரைத்தது, மழைக்காலத்தில் உள்ளே காயாமல் இருந்திருக்கிறது. பூசிய பலகையை 260 பாகைக்கு ஒரு தடவை வெறுமனே சூடேற்றி எடுத்தால் அந்தத் தொல்லை தீரும். வெண்களிக்கு வெளிநாட்டுக்கு எழுத வேண்டியதும் இல்லை. இலங்கையிலேயே தோண்டி எடுக்கிறார்கள்.

திருப்பி எடுத்தது

ஆய்வின் முடிவில் கடினமான பகுதி இதுதான். உணவகத்தில் உடையாமல் இருந்த தட்டுகள் அன்றாடம் மேசைக்குப் போய்வந்துகொண்டிருந்தன.

"மிச்சம் நல்லாத்தானே பாவிக்கினம் அண்ணை. நானாப் போய்த் திருப்பித் தாங்கோ எண்டு கேட்டால் பேர் கெட்டுப்போகும்."

"முதலாவது அலுமாரிக்குள்ள வெடிச்சது தங்கச்சி. அடுத்தது ஒரு பிள்ளையின்ர கையில வெடிச்சால் பேர் மட்டுமா போகும்?"

அதற்குப் பிறகு அவர் வாதிக்கவில்லை. அன்று பின்னேரமே ஓட்டோ பிடித்துப் போய், விஷயத்தை உள்ளபடி சொல்லி, எல்லாவற்றையும் பத்திரிகையில் சுற்றிக் கொண்டுவந்தார். உணவகத்தார் கோபப்படவில்லை, காத்திருப்பதாகச் சொன்னார்கள். நேரே சொன்னதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

தட்டுகளைத் திரைக்கு முன் பிடித்து இரண்டாகப் பிரித்தோம். பச்சைத் தட்டுகளில் நிறம் கொடுத்தது கண்ணாடிக்கென்றே வரும் எனாமல் தூள், இரண்டு படைகளுக்கு நடுவில் மெல்லிசாகப் போட்டது. அவற்றில் இருந்தது அனீல் குறையால் வந்த இறுக்கம் மட்டும். அதைப் போக்கலாம். மெதுவாக 550க்கு ஏற்றி, இரண்டு மணித்தியாலம் பிடித்து, அங்கிருந்து மணிக்கு 50 பாகையாக 480 வரை, பிறகு மணிக்கு 100 பாகையாக 370 வரை இறக்கி, சூளையை நிறுத்தி, கை பொறுக்கும் சூட்டுக்கு வரும்வரை கதவைத் தொடாமல் விட்டோம். மறுபடி திரைக்கு முன் பிடித்தபோது ஓர வெளிச்சம் போயிருந்தது. அந்தத் தட்டுகள் காப்பாற்றப்பட்டன. அவற்றில் வெண்படலம் இருந்தவற்றை மேற்பரப்பைத் தேய்த்து, வெண்காரக் கரைசலை மெல்லிசாக அடித்து மறுபடி சுட்டார். வெண்காரம் செட்டியார் தெருவில் நகை வேலைக்காரர்கள் பொடிவைத்து ஊதப் பாவிக்கும் அதே பொருள்தான்.

நீலத் தட்டுகளை எதுவும் செய்ய முடியாது. ஒத்துப்போகாத கண்ணாடிகளின் இழுபறியை எத்தனை தடவை அனீல் செய்தாலும் போக்க இயலாது. ஒவ்வொரு முறை ஆறும்போதும் அதே இழுபறி திரும்ப வரும். அலங்காரத்துக்கு மட்டும் என்று குறைந்த விலைக்கு விற்கலாமா என்று ஒரு யோசனை வந்தது. வேண்டாம் என்றேன். அலங்காரமென்று வாங்கிய தட்டில் பிறந்தநாளுக்குக் கேக் வைக்க மாட்டார்கள் என்று யார் உறுதி சொல்வது? எல்லாவற்றையும் உடைத்துத் தூக்கிப் போட்டார். அவருக்கு அது வலித்தது, எனக்கும்தான். நல்ல கைவேலை.

புதிய நீலத் தட்டுகளுக்கு நீல எனாமல். நிறம் சாப்பாட்டில் படாதபடி இரண்டு படைகளுக்கு நடுவில் மட்டும். எந்தப் புதிய வண்ணம் வந்தாலும் முதலில் அதில் நகத்தளவு துண்டு ஒன்றை யன்னல் கண்ணாடிக் கீற்றின்மேல் உருக்கி, ஒழுங்காக அனீல் செய்து, திரைக்கு முன் பிடித்துப் பார்க்கிறார். வளையம் தெரிந்தால் அந்த வண்ணம் அந்தக் கண்ணாடிக்கு இல்லை. ஒரு சூட்டில் ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும் என்பதையும் கேட்டுக்கொண்டேன். அட்டவணை, வண்ணம், பூச்சு மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால், நன்றாக வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது.

தீராத ஒன்று

மழுங்கிய விளிம்போடு மூலையில் கிடந்த தட்டு இன்னும் பாக்கி. அது சூடு ஏறும்போது உடைந்தது என்பதில் சந்தேகமில்லை. சின்னத் தட்டுகளுக்குப் போட்ட அதே மணிக்கு 300 பாகை வேகத்தில்தான் பெரிய தட்டையும் ஏற்றியிருந்தார். பக்கச் சுவரில் கம்பிகள் இருக்கும் சூளையில் தட்டின் ஓரம் முந்திச் சூடாகி விரிய, நடு குளிர்ந்தே நிற்கும். இப்போது 540 பாகை வரை மணிக்கு 100க்கு மேல் ஏற்றுவதில்லை. அதற்குப் பிறகு அப்படி எதுவும் உடையவில்லை.

ஆனால் அதே சூட்டில், அதே வேகத்தில், பின்சுவர்ப் பக்கம் இருந்த தட்டு உடையாமல் வந்திருக்கிறது. கதவுப் பக்கம் இருந்ததுதான் உடைந்தது. சூளையில் சூட்டை அளக்க ஒரேயொரு தேர்மோகப்பிள், அதுவும் பின்சுவரில். கொன்ட்ரோலர் காட்டும் எண் அந்த ஒரு புள்ளியின் சூடு. கதவுப் பக்கத்தில் அந்த நேரம் எவ்வளவு என்று யாரும் அளந்ததில்லை. கதவின் மேல்மூலையில் இடைவெளியை அடைக்கும் நாடா தேய்ந்து, ஒரு கடதாசி நுழையுமளவு இடைவெளி இருக்கிறது. அங்கே இரண்டாவது தேர்மோகப்பிள் ஒன்றை வைத்து, கண்ணாடி எதுவும் இல்லாமல் வெறும் சூளையை 550 வரை ஏற்றி, இரண்டு புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொப்பியில் எழுதுவதாக இருக்கிறோம். வித்தியாசம் 10 பாகைக்கு மேல் வந்தால் கதவு நாடாவை மாற்ற வேண்டும். அதுவரை கதவுப் பக்கம் தட்டு வைப்பதில்லை.